த்ராட்லிங் – வேக நெரிப்பு

இணையத் திட்டங்களின் விதிமுறைகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: “நிர்ணயித்த டேட்டா முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும்.” குறையும் என்கிறார்கள், குறைப்போம் என்று எழுதுவதில்லை. மாலையில் வெயில் குறைவதுபோல வேகமும் தானாகக் குறைவதாக அந்த வினைச்சொல் நம்மை நினைக்க வைக்கிறது. உண்மையில், சேவை நிறுவனத்தின் கருவி ஒன்று நம் கணக்கை அடையாளம் கண்டு இறுக்கிப் பிடிக்கிறது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் த்ராட்லிங் என்று பெயர்.

தொண்டையைக் குறிக்கும் ‘த்ரோட்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது ‘த்ராட்டில்’. குரல்வளையைப் பிடித்து மூச்சை அடைப்பது என்பது அதன் முதற்பொருள். நீராவி இயந்திரக் காலத்தில் சொல் பொறியியலுக்குள் வந்தது. நீராவி போகும் குழாயில் ஒரு தகடு. அதைத் திருப்பினால் குழாயின் தொண்டை குறுகும். 1788இல் ஜேம்ஸ் வாட் பொருத்திய சுழல்குண்டுக் கவர்னர், இயந்திரத்தின் வேகம் கூடும்போது இந்தத் தகட்டைத்தான் மூடியது. பைக்கில் த்ராட்டிலை முறுக்கினால் வேகம் கூடுகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. முறுக்கும்போது தகடு திறக்கிறது, அவ்வளவுதான். தகடு இருப்பதே வழியைக் குறுக்குவதற்கு.

கணினியின் மூளையான ப்ராசசரின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்வதையும் த்ராட்லிங் என்றே சொல்கிறோம். விசிறித் தூசியைத் துடைத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை (ப்ராசசரின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அது கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. இணைப்பில் நடப்பது வேறு, அங்கே நம் வழியை இன்னொருவர் குறுக்குகிறார்.

தமிழில் இதற்கு வேகக் கட்டுப்பாடு, வேக மட்டுப்படுத்தல், வேகத் தணிப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேகக் கட்டுப்பாடு என்றால் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 100தான் தருவார்கள் என்ற நியாயமான உச்சவரம்பையும் குறிக்கும். தடை, முடக்கம் இரண்டும் தவறு. தளம் திறக்கிறது, மெதுவாகத் திறக்கிறது. எனக்குச் சரியாகப் படுவது ‘வேக நெரிப்பு’. ஆங்கிலச் சொல்லின் தொண்டைப் பொருள் நம் சொல்லில் அப்படியே இருக்கிறது. அதைவிட முக்கியம், நம் இலக்கணம் தரும் வேறுபாடு. கூட்டம் நெரிகிறது, இது தன்வினை, அதிலிருந்து நெரிசல். கழுத்தை நெரிக்கிறான், இது பிறவினை, அதிலிருந்து நெரிப்பு. இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் படம் பார்ப்பதால் இணைப்பு மந்தமானால் அது நெரிசல். ஒருவர் செய்தால் நெரிப்பு. ஒரே வேரில் இரண்டும் கிடைக்கின்றன, செய்தவர் உண்டா இல்லையா என்பதையும் சொல்லே காட்டிவிடுகிறது. இடையின ‘ரி’ போடுங்கள். வல்லின ‘றி’ போட்டால் நெறிப்படுத்தல் என்ற பொருளுக்குப் போய்விடும், நிறுவனங்கள் விரும்பும் பெயரும் அதுதான்.

நெரிப்பது எப்படி என்று பார்ப்போம். நிறுவனத்தின் கருவியில் நம் கணக்குக்கு ஒரு டோக்கன் வாளி, அதாவது டேட்டா போவதற்கான அனுமதிச் சீட்டுகள் சேரும் ஒரு கற்பனை வாளி. 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 64,000 பிட்டுக்கான டோக்கன்கள் அதில் விழும். டேட்டா பாக்கெட் எனப்படும் துண்டுகளாகத்தான் போகும், 1,500 பைட் உள்ள ஒரு பாக்கெட்டுக்கு 12,000 பிட் செலவு. ஆக, நொடிக்கு ஐந்து முழுப் பாக்கெட்டுகள்தான் தாண்டும். மற்றவற்றை வரிசையில் நிறுத்துவார்கள், அல்லது கீழே போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டால், பாக்கெட் தொலைந்ததைக் கண்ட டிசிபி (பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறை) வழியில் நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தையும் இறக்கிக்கொள்ளும். நம் கணினிக்கே நெரிப்பு நெரிசலாகத் தெரிவது இதனால்தான். கணக்கைப் பாருங்கள்: 64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 8 கிலோபைட். 2 மெகாபைட் உள்ள ஒரு பக்கம் திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இதை ‘அன்லிமிடெட்’ என்ற பெயரில் விற்பதும் உண்டு. 2018இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ எரிந்தபோது சான்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறையின் தகவல்தொடர்பு வாகனத்தின் இணைப்பை வெரைசன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் நெரித்தது. வேகம் இருநூறில் ஒரு பங்குக்கு இறங்கியதாக அத்துறையின் தலைவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வாக்குமூலம் சொல்கிறது.

உங்கள் இணைப்பில் நடப்பது எது என்று அறிய, முதலில் டேட்டா மீதியைப் பாருங்கள். அடுத்து வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரில் கேபிள் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். அதிகாலை ஐந்துக்கும் இரவு ஒன்பதுக்கும் மூன்று நாள் குறித்து வையுங்கள். இரவில் மட்டும் எல்லாத் தளமும் தள்ளாடி, பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஏறி இறங்கினால் நெரிசல். எந்த நேரத்திலும் திட்டத்தின் வேகத்துக்கு வெகு கீழே ஒரே எண்ணில், கோடு போட்டதுபோல நின்றால் நெரிப்பு. ஒரு தளம் மட்டும் மந்தமாகி, விபிஎன் (எந்தத் தளம் பார்க்கிறோம் என்பதை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டதும் வேகமெடுத்தால் அந்தத் தளத்தை நெரிக்கிறார்கள் என்று ஐயப்படலாம். ஐயம்தான், முடிவல்ல. விபிஎன் பாதையையும் மாற்றிவிடுவதால், இரு இணைய நிறுவனங்களின் இணைப்பு முனையில் இருந்த நெரிசலைத் தாண்டிப் போயிருக்கலாம். வழக்கமான வேகச் சோதனைத் தளத்தை மட்டும் நம்பாதீர்கள், அதை நெரிக்காமல் விட்டுவைக்க முடியும். நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட்.காம் அதன் வீடியோ சர்வர்களிலிருந்தே அளக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வீஹி’ செயலி, ஒரு வீடியோ தளத்தின் போக்குவரத்தை அப்படியே ஒருமுறை அனுப்பும். அடையாளம் தெரியாதபடி மாற்றி மறுமுறை அனுப்பும். இரண்டின் வேகத்தையும் ஒப்பிட்டுக் காட்டும். 

இந்த நெரிப்பு அரசின் கைக்குப் போகும்போதுதான் எனக்குக் கவலை கூடுகிறது. ஒரு தளத்தைத் தடுத்தால் செய்தியாகும், வழக்கு வரும். நெரித்தால் “தளம் திறக்கிறதே” என்று சொல்லிவிடலாம். 2021 மார்ச் 10 அன்று ரஷ்யா ட்விட்டரை ஏறத்தாழ 130 கேபிபிஎஸ் அளவுக்கு நெரித்தது. இணைப்பு தொடங்கும்போது மறையாக்கம் இல்லாமல் போகும் தளப்பெயரைக் கருவிகள் படித்தன. ட்விட்டரின் சுருக்க முகவரியான டி.கோ (t.co) எங்கே வந்தாலும் பிடித்தன. மைக்ரோசாஃப்ட்.காம் முகவரியில் கடைசி ‘டி’, புள்ளி, அடுத்து ‘சி’, ‘ஓ’: கருவிக்கு அது போதுமானதாக இருந்தது. ரெட்டிட்.காமும் அப்படியே மாட்டியது. காஷ்மீரில் 2020 ஜனவரியில் மொபைல் இணையம் மீண்டபோது 2ஜி வேகம்தான் கிடைத்தது. 4ஜி முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் இணையம் ‘இருந்தது’ என்று எழுதினால் பொய்யில்லை. வேக நெரிப்பு என்று எழுதினால்தான் நடந்தது விளங்கும்.

புகார் எழுதும்போது “நெட் ஸ்லோவாக இருக்கிறது” என்று எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். அளந்த தேதி, நேரம், வேகம் மூன்றையும் சேர்த்து இப்படிக் கேளுங்கள்: “என் இணைப்பில் வேக நெரிப்பு செய்கிறீர்களா? செய்தால், எத்தனை ஜிபிக்குப் பிறகு, எத்தனை கேபிபிஎஸ் அளவுக்கு, யாருடைய உத்தரவின்பேரில்?”