ஐந்து செம்புள்ளிகளைக் கண்டால் கல்லீரலையும் பாருங்கள்

கோலாலம்பூரில் நான் பணியாற்றும் குழந்தைகள் பிரிவுக்கு, மூன்று மாதக் குழந்தை ஒன்றை வயிறு உப்பிய நிலையில் அண்மையில் கொண்டு வந்தார்கள். வாயுத் தொல்லை என்று நம்பி, பாட்டி நாள்தோறும் அதன் வயிற்றில் எண்ணெய் தடவி வந்திருக்கிறார். பால் குடிக்கும்போது குழந்தைக்கு மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், முதுகிலும் தொடையிலும் தலைமுடிக்குள்ளும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் செந்நிறப் புள்ளிகள். "இதெல்லாம் தானா மறைஞ்சிடும்னு சொன்னாங்க டாக்டர்" என்றார் தாய். ஸ்கேனில் கல்லீரல் முழுவதும் ரத்தநாளக் கட்டிகள் தெரிந்தன. இதே வாக்கியத்தை நம்பிக் காத்திருந்து தாமதமாக வரும் குழந்தைகளை இனியும் பார்க்க நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தானாக மறைந்துவிடும் என்பது பொய்யன்று, அதனால்தான் அதை மறுப்பது கடினமாக இருக்கிறது. தோலில் செம்புள்ளிகளாகத் தெரியும், ஹீமாஞ்சியோமா எனப்படும் இந்த ரத்தநாளக் கட்டிகள் நூற்றில் நான்கைந்து குழந்தைகளுக்கு வருகின்றன. பெண் குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் கூடுதலாக வருகின்றன. பெரும்பாலானவை தோலோடு நின்றுவிடும், ஒரு வயதுக்குப் பின் மெல்லச் சுருங்கி, நான்கு வயதுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். ஆனால் சுருங்குவதற்கு முன் அவை வளர்கின்றன என்பதை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. பிறந்தபோது கண்ணுக்கே தெரியாத கட்டி, முதல் சில வாரங்களில் தலைகாட்டி, மூன்று மாதத்திற்குள் தன் முழு அளவில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை எட்டிவிடுகிறது. தோலில் நிகழும் இந்த வளர்ச்சியே கல்லீரலிலும் மூச்சுக்குழலிலும் நிகழும்போது, நான்கு வயதில் சுருங்கப் போகும் கட்டிக்காக நான்கு மாதக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? மறையும் என்ற உண்மை தோலைப் பற்றிய ஆறுதல் மட்டுமே. உள்ளே கட்டி இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

தோலில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஹீமாஞ்சியோமாக்கள் இருந்தால், அவை எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், கல்லீரலை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அதில் கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. பலருக்குக் கட்டி எதுவும் இராது, சிலருக்குக் கண்காணித்தாலே போதும். கல்லீரல் முழுவதும் கட்டிகள் பரவிய சிலருக்குத்தான் ஆபத்து. அவற்றின் வழியே பாயும் மிகுதியான ரத்தத்தை இறைத்து இறைத்து இதயம் தளர்ந்துபோகும். கட்டிகள் சுரக்கும் ஒரு நொதியோ தைராய்டு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்துவிடும். மலேசியாவில் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு சோதனை செய்கிறோம், அது இயல்பாக இருந்தது என்று பெற்றோர் மட்டுமன்றி மருத்துவர்களும் நிம்மதி அடைகிறார்கள். இந்தக் குறைபாடு கட்டி வளர வளரப் பின்னர் உண்டாவது என்பதால், கல்லீரலில் பல கட்டிகளைக் கண்டவுடன் அச்சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும் என்று சக மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பத்தியக் காலத்தில் தாதி வீட்டுக்கு வந்து பார்க்கும் நாட்களில் பல புள்ளிகள் தோன்றியே இரா. எனவே இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, குழந்தையின் துணிகளை முழுமையாகக் கழற்றி, அணையாடைக்குள்ளும் தலைமுடிக்குள்ளும் பார்த்து எண்ணிக் காட்டுங்கள். கிரகணத்தால் வந்தது, கர்ப்பத்தில் சொறிந்ததால் வந்தது என்று தாயைக் குறைசொல்லும் உறவினர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பழிக்கு அஞ்சும் தாய்மார்கள் குழந்தையின் உடலைத் துணியால் மூடி மறைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மோவாய், கீழுதடு, தாடை, முன்கழுத்து ஆகிய இடங்களில் விரிந்து படர்ந்த சிவப்பு இருந்தால் மூச்சுக்குழலிலும் கட்டி இருக்கலாம். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் கரகரப்பு, குரைப்பது போன்ற இருமல் ஆகியவற்றைக் கண்டு, தொற்றால் மூச்சுப்பாதை வீங்கும் குரூப் நோய் என்று ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கட்டியும் ஸ்டீராய்டுக்குச் சற்று அடங்கும் என்பதால் குழந்தை தேறியதுபோல் தெரியும், நிறுத்தியதும் கரகரப்பு திரும்பும். ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு இரண்டாம் முறை குரூப் என்றால், தோலில் ஒரு புள்ளியும் இல்லாவிட்டாலும், குழாய்க் கருவியால் மூச்சுக்குழலுக்குள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லீரலில் கட்டி என்றதும் புற்றுநோயா என்று பெற்றோர் நடுங்குவது இயல்பு. ஹீமாஞ்சியோமா புற்றுநோய் அன்று. புற்றுநோயிலிருந்து வேறுபடுத்த ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவைக் காட்டும் ரத்தச் சோதனை செய்கிறோம், ஆனால் பச்சிளம் குழந்தைகளுக்கு அந்த அளவு இயல்பாகவே மிக உயர்வாக இருக்கும். அறிக்கையின் எண்ணை மட்டும் பார்த்து, இணையத்தில் தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும் ஒற்றைப் பெரிய கட்டி வேறு வகையைச் சேர்ந்தது, அது பெரும்பாலும் ஓராண்டளவில் தானே சுருங்கும்.

முன்பு அதிக அளவு ஸ்டீராய்டும், சிலருக்கு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் கொடுத்து வந்தோம். 2008-இல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காக புரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்த குழந்தையின் ஹீமாஞ்சியோமாவும் அடங்குவதைக் கவனித்து வெளியிட்ட பின் சிகிச்சையே மாறிவிட்டது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை, குறைந்தது ஆறு மாதம் கொடுக்கிறோம். ரத்த அழுத்த மாத்திரையைக் கைக்குழந்தைக்கா என்று உறவினர் ஒருவர் கேட்டதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தாதீர்கள், கட்டி மீண்டும் வளரும். மருந்தைப் பால் கொடுத்த பின்னரே கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். குழந்தை வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சில் இழுப்பு வந்தாலோ அந்த வேளை மருந்தை விட்டுவிட்டு எங்களை அழையுங்கள். விட்ட வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. குழந்தை சோர்ந்து, குளிர்ந்து வியர்த்து, எழுப்பியும் எழாவிட்டால் காலை வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள்.