காட்டுக்குப் போய்வந்த பிள்ளை சருகைக் கொளுத்தவிடுமா?

சென்னை மாதிரி ஒரு நகரத்துக்கு நடுவே கிட்டத்தட்ட 270 ஹெக்டேர் காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு, சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரவிக் கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். வெளிமான், புள்ளிமான், நரி எல்லாம் இன்றும் அங்கே வாழ்கின்றன. ஆனால் நம்மில் பலர் சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம்.

பள்ளிப் பிள்ளைகளை இப்படிப்பட்ட நகரக் காடுகளுக்கு அழைத்துப் போவது என் தொழில். "ஒருநாள் காட்டுக்குப் போய்வந்தா பிள்ளைங்க மாறிடுவாங்களா சார்?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். பேருந்திலிருந்து இறங்கி, வரிசையில் நடந்து, மானைக் கண்டதும் கத்தி, குழுப்படம் எடுத்து, உறுதிமொழி வாசித்துவிட்டு ஏறினால் எதுவும் மாறாது. நான் பார்த்தவரை, பிள்ளை எதைத் தன் கையால் தொட்டுப் பார்த்ததோ, அதை ஒட்டிய பழக்கம்தான் வீட்டில் மாறுகிறது.

சருகையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவெயில் நேரத்தில் பிள்ளைகளை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, மேல்சருகில் உள்ளங்கையை வைக்கச் சொல்வேன். மொறுமொறுவென்று சுடும். அப்புறம் அதை மெல்ல விலக்கி, இரண்டு விரல் ஆழம் கீழே தொடச் சொல்வேன். அங்கே குளிர்ச்சி, ஈரம், பாதி மக்கிய இலை, வெள்ளை நூலாய் ஓடும் பூஞ்சை. கையில் சுருண்டுகொள்ளும் மரவட்டையைக் கண்டு முதலில் அலறிய பிள்ளைதான் கடைசிவரை அதைக் கீழே விடாது. பக்கத்திலேயே மணலில், எறும்பைப் பிடித்துத் தின்னும் குழியானைப் பூச்சியின் புனல்குழி இருக்கும். எறும்பு சறுக்கி விழுகிறதா என்று பார்க்க, மூச்சை அடக்கிக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் வாயே திறப்பதில்லை.

இப்படி வந்துபோன ஒரு பையனின் அம்மா சில வாரம் கழித்துப் பேசினார். குடியிருப்பில் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகைக் கொளுத்தப் போனவர்களிடம், "உள்ளே பூச்சி எல்லாம் இருக்கு, கொளுத்தாதீங்க" என்று நின்றிருக்கிறான். இப்போது மதிலோரம் ஒரு குழி தோண்டிச் சருகை அதில் போடுகிறார்களாம். சருகை எரிப்பது காற்றைக் கெடுக்கும் என்று அவன் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்தவன்தான்.

பிளாஸ்டிக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உப்பும் எண்ணெயும் ஒட்டிய தின்பண்டக் கவரை மான் தின்னும் என்பதும், தின்றது அசைபோடும் வயிற்றிலேயே தங்கிப் பந்தாய்ச் சேரும் என்பதும், வயிறு நிறைந்திருந்தும் அந்த மான் பட்டினியால் மெலியும் என்பதும் வேலியோரம் அப்படி ஒரு கவரைக் குனிந்து எடுக்கும்போதுதான் உறைக்கிறது. அடுத்தமுறை வரும்போது டப்பாவில் சுண்டல் வரும், மஞ்சப்பை வரும். சொல்லாமலே வரும்.

ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 2006-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, 11 வயதுக்கு முன் காட்டில் விளையாடி, மலையேறி வளர்ந்தவர்களிடம், பெரியவர்களான பிறகும் சுற்றுச்சூழல் அக்கறையும் நடத்தையும் கூடுதலாக இருப்பதைக் கண்டது. தோட்டத்தில் செடி வளர்ப்பது, பூப்பறிப்பது போன்ற அனுபவங்களின் தாக்கம் அதைவிடக் குறைவு. 2020-இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வு ஒன்று, எத்தனை முறை போகிறோம் என்பதோடு, இயற்கையோடு எவ்வளவு ஒட்டுதலாக உணர்கிறோம் என்பதும் முக்கியம் என்று காட்டியது. ஒன்றை மறக்கக் கூடாது. ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தாம் அதிகமாகக் காட்டுக்குப் போகிறார்களோ என்ற கேள்வியை இத்தகைய ஆய்வுகள் முழுசாகத் தீர்த்துவிடுவதில்லை.

எல்லாம் மாறிவிடுவதும் இல்லை. வீட்டில் ஏசி எவ்வளவு நேரம் ஓடுகிறது, பள்ளிக்குக் காரா பேருந்தா என்பதெல்லாம் பிள்ளை கையில் இல்லை. அதனால் பெற்றோர் ஒருவராவது கூட வரவேண்டும் என்று இப்போது கேட்டு வாங்குகிறேன். அப்பாவும் சேர்ந்து சருகில் கைவைத்தால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி நடக்கிறது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். வருஷத்துக்கு நான்கு ஊர் சுற்றாதீர்கள், ஒரே காட்டுக்கு நான்கு முறை வாருங்கள். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை கட்டாயம். ஒரு வகுப்பை மொத்தமாகக் கொண்டுவராமல் பத்துப் பதினைந்து பேராகப் பிரியுங்கள். போன் பைக்குள் இருக்கட்டும், கேள்வித்தாள் வேண்டாம். கிண்டியின் உட்பகுதிக்கு வனத்துறை அனுமதி தேவை, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை பள்ளி மைதானத்து மூலையில் ஒரு மரத்தடியை மட்டும் கூட்டாமல் விட்டுவைத்து, அங்கிருந்து தொடங்குங்கள்.