குறை எண்ணா, எதிர்மறை எண்ணா?

"எதிர்மறை நான்கின் எதிர்மறை என்ன?" பள்ளிப் பிள்ளைகளுக்கான காணொளிப் பாடம் ஒன்றில் இந்தக் கேள்வி காதில் விழுந்தது. திரையில் எண்கோடு இருந்தது. நடுவில் பூச்சியம், இருபுறமும் சம இடைவெளியில் எண்கள். படத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கேள்வியில் ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களில் வந்துவிட்டது. இதைப் பல முறை கேட்டுப் பொறுத்துக்கொண்டேன், இனியும் முடியாது.

பூச்சியத்தைவிடச் சிறிய எண் குறை எண். இதைத்தான் பலரும் 'எதிர்மறை எண்' என்கிறார்கள். பெரியது மிகை எண். பாடநூல்களில் குறை முழுக்கள், மிகை முழுக்கள் என்று நெடுங்காலமாக இருப்பவைதான். குறை, மிகு என்னும் வினைகளே இவற்றின் வேர். "மிகினும் குறையினும் நோய்செய்யும்" என்கிற குறளில் (941) இரண்டும் ஒரு சமநிலையின் இரு பக்கங்களிலும் நிற்கின்றன. எண்கோட்டில் அந்தச் சமநிலை பூச்சியம்.

'எதிர்மறை' இலக்கணத்தின் சொல். வாரான், உண்ணாத, வாடா மலர் என்று ஒன்றை மறுக்கும்போது வருவது. லத்தீன் மொழியில் 'மறுத்தல்' என்னும் வினையிலிருந்து ஐரோப்பியர் 'நெகட்டிவ்' என்னும் தம் சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த மறுப்பையும் சேர்த்தே தூக்கி வந்துவிட்டார்கள். −3 எதை மறுக்கிறது? இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் இவ்வெண்களுக்கு விதி வகுத்தபோது தனம், ருணம் என்றார், செல்வம், கடன். கடன் என்பது அளந்து சொல்லக்கூடிய குறை. 1685-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் தம் நூலில் ஒரு மனிதனை 5 கஜம் முன்னே நடக்கவிட்டு, 8 கஜம் பின்வாங்கச் செய்து, புறப்பட்ட இடத்துக்கு 3 கஜம் பின்னால் நிறுத்தினார். அவன் நிற்கும் இடம் −3. அங்கும் மறுப்பு இல்லை, திசைதான் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் 'திசைகொண்ட எண்கள்' என்று சொல்வது இதனால்தான் எனக்குப் பிடிக்கும்; அங்கே வழங்கும் 'மறை எண்' அவ்வளவாகப் பிடிக்காது.

பெரிய கேடு வேறு. பூச்சியத்திலிருந்து ஒரே தொலைவில், மறுபக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு எதிரெண் என்று பெயர். 4-இன் எதிரெண் −4. −4-இன் எதிரெண் 4. இது இரண்டு எண்களுக்கு இடையிலான உறவு. குறை எண் என்பதோ ஓர் எண் நிற்கும் பக்கம். இரண்டையும் 'எதிர்மறை' என்றே அழைத்தால், எந்த எண்ணின் எதிரெண்ணும் பூச்சியத்துக்கு இடப்புறமே இருக்கும் என்று பிள்ளை நம்பிவிடும். பூச்சியத்துக்கு அதுவே எதிரெண் என்பதையும் பிறகு விளங்கவைக்க முடியாது.

'குறை' என்றால் குற்றம் என்ற பொருளும் வருகிறதே என்பார்கள். வரட்டும். 'எதிர்மறை எண்ணம்', 'எதிர்மறை விமர்சனம்' என்று நாளெல்லாம் எழுதுகிறவர்கள் இதைச் சொல்லக் கூடாது. எண்ணத்துக்கும் எண்ணுக்கும் ஒரே அடைமொழியைப் பூசி, −3-ஐத் தீயதாக்கியவர்கள் அவர்கள்தாம். 'குறை' என்ற சொல் வகுப்பில் வேலையும் செய்கிறது. −7 பெரிதா, −2 பெரிதா என்றால் பிள்ளைகள் −7 என்பார்கள். ஏழு குறைகிறதா, இரண்டு குறைகிறதா என்று கேளுங்கள். விடையை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

−3-ஐக் 'கழித்தல் மூன்று' என்று படிப்பதும் சரியன்று. கழித்தல் ஒரு செயல். எண்ணின் பெயர் குறை மூன்று. ஆனால் −அ என்பதைக் 'குறை அ' என்று படித்துவிடாதீர்கள். அ-வின் மதிப்பு −4 என்றால் −அ என்பது 4. அதை 'அ-வின் எதிரெண்' என்றுதான் படிக்க வேண்டும்.