ஈயம் என்றால் எந்த ஈயம்?

போன கிழமை ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதமாக வயிற்றுக்குத்து, சாப்பாட்டில் மனமில்லை, முகம் வெளிறிக் கிடக்கிறது. பூச்சி மருந்து இரண்டு தரம் கொடுத்தாயிற்றாம். தகப்பன் நந்திக்கடலில் வீச்சுவலை போடுகிறவர். அவருடைய நகக்கண்ணில் சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது.

"வலைக்குக் குண்டு நீங்களே ஊத்துறனீங்களோ?"

"ஓம் டொக்டர். பழைய பற்றரியை உடைச்சு, குசினி அடுப்பிலதான்."

இரத்தப் பரிசோதனை முடிவு நான் பயந்த மாதிரியே வந்தது: பிள்ளையின் இரத்தத்தில் ஈய நஞ்சு. இப்படி நான் பார்க்கிற முதல் பிள்ளை இது இல்லை.

"ஈயம் பூசின பாத்திரத்தில சமைச்சுத்தானே எங்கட ஆச்சி சாப்பிட்டவ?" ஈயம் நஞ்சு என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். ஐயா, அது வேறு ஈயம்! பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வலைக்குண்டும் பற்றரித் தகடும் காரீயம். பெயர்தான் ஒட்டியிருக்கிறது, இரண்டும் வெவ்வேறு மூலகங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், காரீயம் 327இல். சாப்பாட்டோடு கொஞ்சம் வெள்ளீயம் போனால் பெரும்பகுதியை உடம்பு வெளியே தள்ளிவிடும். காரீயத்தையோ கல்சியம் என்று ஏமாந்து எலும்புக்குள் சேர்த்து வைக்கும், அது வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இன்னொருவர் பென்சிலைக் காட்டி, "இதுவும் காரீயம்தானே, பிள்ளையள் கடிக்குதுகள்" என்றார். போகலச் சுரங்கத்தில் எடுப்பதையும் நாங்கள் காரீயம் என்றுதான் படித்தோம். அதுவும் பென்சிலுக்குள் இருப்பதும் கிராபைட், வெறும் காபன். ஒரே சொல்லை மூன்று பொருளுக்கு வைத்துக்கொண்டு பிள்ளைகளை வருத்துகிறோம்.

மீனவருக்கு இந்த உலோகம் ஏன் பிடிக்கிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம், உப்புத்தண்ணீரில் துருப்பிடித்து உதிராது, விறகடுப்பிலேயே உருகும். அந்தக் கடைசிக் குணம்தான் வீட்டுக்குள் வினையைக் கொண்டுவருகிறது. விழுங்குகிற காரீயத்தில் பெரியவர் உடம்பு எடுப்பதைப்போல நாலைந்து மடங்கைச் சின்னப் பிள்ளையின் உடம்பு எடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூட. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

பற்றரியை உடைக்காதீர்கள், முழுசாக விற்றுவிட்டு ஆயத்தக் குண்டு வாங்குங்கள். அசிட்டைக் கிணற்றடியில் ஊற்றுவது என்ன வேலை? குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஏற்கெனவே உருக்கிய இடத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் தூசிதான் எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். வலை வேலை செய்த சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். பாலும் இளநீரும் இதற்கு மருந்தல்ல. வயிற்றுக்குத்து என்று பிள்ளையைக் கொண்டுவரும்போது, நாங்கள் கேட்க மறந்தாலும் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

அந்தத் தாயிடம், ஈயம் உருக்கிய தாச்சி இப்போது எங்கே என்று கேட்டேன். நல்லாய்த் தேய்த்துக் கழுவி, அதில்தான் மீன் பொரிக்கிறாவாம்.