சத்திரத்தைக் காப்பாற்ற மனு கொடுத்துவிட்டீர்களா? பொக்லைன் மனு படிக்காது

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு சத்திரம் இருந்தது. கருங்கல் தூண்கள், மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் முற்றம். கடைசிக் காலத்தில் சத்துணவுக் கூடமாகவும் கொஞ்ச நாள் சிமெண்ட் மூட்டை அடுக்கும் கிடங்காகவும் கிடந்தது. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையில் படத்தோடு செய்தியும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொக்லைன் வந்து மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டது. மூன்று வாரம் கழித்து, மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு தபால் வந்தது.

அந்த மனு எந்தெந்த மேசைக்குப் போயிற்று என்று அப்புறம் விசாரித்தேன். கலெக்டர் அலுவலகம் அதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. சத்திரத்தை இடிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டதே அந்த ஒன்றிய அலுவலகம்தான்.

மனு, தீர்மானம், செய்தி மூன்றும் வேண்டியவைதான். ஆனால் சட்டப்படி இடிப்பைத் தடுக்கும் சக்தி இவற்றில் எதற்கும் இல்லை. அரசிதழில் வரும் பாதுகாப்பு அறிவிக்கை தடுக்கும். அது வரும்வரை நீதிமன்றத் தடை தடுக்கும். மற்றதெல்லாம் அந்த இரண்டுக்கும் நீங்கள் சேர்க்கும் காகிதம்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கச் சட்டம் இரண்டு உண்டு: மத்திய அரசின் 1958 சட்டம், தமிழ்நாட்டின் 1966 சட்டம். இரண்டுமே குறைந்தது 100 ஆண்டு பழமையைக் கேட்கின்றன. 2012-ல் மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று ஒன்றும் போட்டார்கள். அது நடைமுறைக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

முதல் சிக்கல், எந்தக் கதவைத் தட்டுவது என்பது. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் மனு எழுதினால் எங்கள் சத்திரத்தின் கதிதான். நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேட்டு நகலும், எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும் தாலுகா அலுவலகத்தில் முதலில் வாங்குங்கள். கோயில் நிலத்து மண்டபம் என்றால் அறநிலையத் துறை வரும். பழைய கச்சேரி (அரசு அலுவலகம்), கோர்ட்டு என்றால் பொதுப்பணித் துறை. அதில் பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. 2012-ல் தீப்பிடித்து எரிந்த சேப்பாக்கம் கலச மஹாலை மீட்டது அந்தத் துறைதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கேட்கும் மனு தொல்லியல் துறைக்குத்தான் போக வேண்டும். மாநிலத் துறையின் தலைமை அலுவலகம் எழும்பூரில். மத்தியத் துறைக்குச் சென்னையில் ஒரு வட்ட அலுவலகம் உண்டு, 2020-லிருந்து திருச்சியிலும் ஒன்று. ஊரில் உள்ள எல்லா அலுவலகத்துக்கும் ஒரே மனுவை நகல் எடுத்து அனுப்புபவர்கள் உண்டு. எல்லாருக்கும் போனது யாருடைய வேலையும் ஆகாது. ஒரு துறைக்கு எழுதி, கலெக்டருக்கு நகல் கொடுங்கள்.

அடுத்தது 100 ஆண்டுக் கணக்கு. "எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது" என்பது அலுவலகத்தில் செல்லாது. அடிக்கல், கல்வெட்டு, பழைய நில அளவைப் பதிவேடு, பத்திரங்களில் எல்லையாகச் சொல்லப்பட்ட இடம், இப்படி ஏதாவது ஒன்று எழுத்தில் வேண்டும். கோயிலோ மண்டபமோ என்றால், மத்தியத் துறை வெளியிட்ட கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் உங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மறக்க வேண்டாம்: ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தூண்களுக்கு எனாமல் பெயிண்ட் அடித்து, கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசி வைக்காதீர்கள். நல்ல மனதோடு செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். சாட்சியை நாமே அழிப்பதுபோல்தான் அது.

இன்டாக் பட்டியலில் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். இன்டாக் ஒரு தன்னார்வ அமைப்பு. அதன் பட்டியல் நல்ல ஆதாரம், சட்டப் பாதுகாப்பு அல்ல. சென்னையில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை எல்.ஐ.சி. 2006-ல் இடிக்கத் தொடங்கியது. வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். 2010-ல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வந்தது. அங்கே பட்டியலில் உள்ள கட்டடத்தில் கைவைக்க அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனாலும் பாரத் கட்டடம் பல ஆண்டுகள் பாதி இடிந்த நிலையிலேயே நின்றது. இடிக்காமல் தடுப்பது வேறு, பழுது பார்க்க வைப்பது வேறு.

சர்வே நம்பரில் அதிகம் ஏமாந்திருக்கிறோம். அறிவிக்கை வருவது புல எண்ணுக்கும் பரப்புக்கும்தான், ஊரார் சொல்லும் பெயருக்கு இல்லை. மண்டபம் ஒரு உட்பிரிவில், அதன் குளமும் படித்துறையும் இன்னொன்றில் இருக்கும். மனுவில் ஒன்றை விட்டால் விட்டதுதான். வி.ஏ.ஓ. வாய்மொழியாகச் சொன்ன எண்ணை எழுதாதீர்கள்.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மத்தியத் துறையின் சின்னம் ஆகிவிட்டால், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். 2010 திருத்தம் இது. இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். மகளுக்கு மாடி கட்ட நினைத்திருப்பவர் இதைக் கடைசியில் தெரிந்துகொண்டால், உங்களோடு கையெழுத்துப் போட்ட அவரே எதிர்மனு போடுவார். அவர் மேல் தப்பில்லை. மத்தியச் சட்டப்படி முதல் அறிவிப்பு வந்தபின் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் உண்டு. அந்த இரண்டு மாதமும் கட்டடத்துக்கு ஆபத்தான காலம். இறுதி அறிவிக்கை வந்த பிறகு இடித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அதற்கு முந்தின நாள் இடித்தால் இந்தத் தண்டனை இல்லை. இது இடிக்க நினைப்பவருக்கும் தெரியும்.

இடிப்பு பெரும்பாலும் 'பழுதடைந்த கட்டடம்' என்ற ஒற்றைத் தாளோடுதான் வருகிறது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் இறந்த பிறகு, பழைய பள்ளிக் கட்டடங்கள் வரிசையாகத் தரைமட்டமாயின. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சுண்ணாம்புக் காரைச் சுவரை சிமெண்ட் கட்டடக் கண்ணோடு பார்த்து, விரிசலை மட்டும் எண்ணி, தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளின் நகலை ஆர்.டி.ஐ.யில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கேளுங்கள்: யார் எந்தத் தேதியில் பார்த்தார், என்ன சோதனை செய்தார், பழுது பார்க்க மதிப்பீடு போட்டார்களா. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மாற்று மதிப்பீடே போடாமல் இடிக்க முடிவு செய்திருந்தால், நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் முதலில் எடுக்கும் தாள் அதுதான்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். மனுதாரராக ஊரில் தகுதி உள்ள ஒரு பெண்ணின் பெயரைப் போடுவதில் பலன் உண்டு. அவருக்குத் துணையாக நாலு பேர் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து சமாதானம் பேசுபவர்கள் நிச்சயம் வருவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டடத்தின் பக்கம் யாராவது கயிறு கட்டி அளந்தால், திங்கள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தேதி தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்து, வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். தாசில்தாரிடம் எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகர வேண்டாம், "விட்டுட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும்.