சொல் விளக்கம்: மட்யா-அஸ் கெடத்துவான்

பிலிப்பைன்சின் பனாய்த் தீவில் முற்காலத்தில் தலைவர்கள் பலர் கூடி ஆண்டதாகக் கதை சொல்லும் அரசுக்குப் பெயர் மட்யா-அஸ் கெடத்துவான். அத்தீவில் எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கும் மலைதான் மட்யா-அஸ். அங்கே நிலமானியம் பெற்றிருந்த மிகேல் தே லோவார்கா என்ற ஸ்பானியர் 1582இல் எழுதிய குறிப்பில் இந்த மலை வருகிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சிடாப்பா என்னும் தெய்வம் அங்குள்ள நெடிய மரத்தில் ஒரு கோடு கிழிக்குமாம். அந்தக் கோட்டின் உயரத்துக்கு ஆள் வளர்ந்தால் ஆயுள் முடிந்தது. அதே பெயரில் ஓர் அரசு இருந்ததாக அவர் எழுதவில்லை.

கெடத்துவான் மலாய்ச் சொல். டத்து என்றால் தலைவன். முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து, தலைவனின் ஆட்சியிடம் என்றாகிறது. மலேசியத் தமிழ் நாளிதழ்களில் நாள்தோறும் வரும் ‘டத்தோ’ பட்டம் இந்த டத்துவின் உறவுதான்.

அந்த அரசின் கதை இது. போர்னியோவின் மகாதுனாவ் அரசனின் கொடுமை தாங்காமல் பத்து டத்துகள் படகேறினர். பனாயின் பூர்வகுடிகளான ஆத்தி மக்களின் தலைவன் மரிக்குடோவிடம் தங்கத் தொப்பியும், அவன் மனைவிக்கு நீண்ட தங்க மாலையும் கொடுத்துக் கடலோரச் சமவெளியை வாங்கினர். பின்னர் ஹம்திக், இரோங்-இரோங், அக்லான் என மூன்றாகப் பிரிந்து கூடி ஆண்டனர்.

இதை அச்சில் தந்த ‘மரக்தாஸ்’ 1907இல்தான் வெளிவந்தது. எழுதியவர் பெட்ரோ மொன்டெக்ளாரோ. பாடநூல்கள் இந்தக் குடியேற்றத்தை 13ஆம் நூற்றாண்டில் வைத்தன. 1968இல் வரலாற்றாய்வாளர் வில்லியம் ஹென்றி ஸ்காட் தம் முனைவர் ஆய்வில் இதுபோன்ற நூல்களின் மூலங்களைத் தேடிப் பார்த்தார். கலந்தியாவ் என்ற டத்து 1433இல் இயற்றியதாகச் சொல்லப்பட்ட சட்டத்தொகுப்பு போலி என்று தெரிந்தது. மரக்தாஸைப் போலி என்று அவர் ஒதுக்கவில்லை. வாய்மொழி மரபைத் தொகுத்த நூல், பழைய ஆவணம் அன்று என்றார். நியாயமான தீர்ப்பு. கதை பழையதாக இருக்கலாம். ‘கூட்டரசு’ என்ற பெரிய பெயருக்குத்தான் சான்று இல்லை.

நம்மவர்களை இழுக்கும் ஓர் இழையும் இதில் உண்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ‘துறைநீர்ப் பண்ணை’ என்று சுமத்திரா பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்கிறது. அங்கிருந்து பெயர்ந்தவர்களால்தான் பனாய்க்கு அப்பெயர் வந்தது என்பார் உண்டு. ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. சோழன் பெயர் வந்தாலே நமக்குக் கால் தரையில் நிற்பதில்லை.

தமிழில் ‘மட்யா-அஸ் பேரரசு’ என்று எழுதுவது கதைக்கே பொருந்தாது. அதில் பேரரசன் எவனும் இல்லை. கூட்டாட்சி என்றால் மேலே ஒரு நடுவண் அரசு தேவைப்படும். டத்துவைக் குறுநிலத் தலைவன் எனலாம். ஆகவே ‘மட்யா-அஸ் குறுநிலத் தலைவர் கூட்டமைப்பு’ என்பதே சரி; வரலாற்றுக் கட்டுரையானால் முன்னால் ‘மரபுக் கதை கூறும்’ என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.