ஊர் திரும்பியவரின் உடம்பு எப்படிப் பழகுகிறது?

வெளிநாட்டில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்கிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பொறந்து வளர்ந்த ஊருதானே, இதுல பழகிக்க என்ன இருக்கு?" வந்தவருக்கோ தூக்கம் பிடிப்பதில்லை, வயிறு சரியில்லை, ஹாரன் சத்தம் தாங்கவில்லை, சொந்தக்காரர் வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கிளம்பலாம் போலிருக்கிறது. பார்ப்பவர்கள் இதை அலட்டல் என்கிறார்கள். வந்தவர் தன்னைத்தானே நொந்துகொள்கிறார். இரண்டுக்குமே நியாயமில்லை. போன இடத்தை உடம்பும் மூளையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதால் வரும் சிரமம் இது. கற்றதை இப்போது மாற்றிக் கற்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு அளவு காலம் எடுத்துக்கொள்கிறது.

சீக்கிரம் தீர்வது தூக்கப் பிரச்சினைதான். கண் நரம்புகள் குறுக்கே வெட்டிச் செல்லும் இடத்துக்கு மேலே, மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்ளும். கிழக்கு நோக்கி வரும்போது ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் அதனால் நகர முடியும். நியூயார்க்கிலிருந்து சென்னைக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்பதால் ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். துபாயிலிருந்து வருகிறவருக்கு ஒன்றரை மணிதான், அவர் இதை உணரவே மாட்டார். கல்லீரலிலும் குடலிலும் தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுபவை. அதனால் நடுராத்திரி பசித்தாலும் பொறுத்துக்கொண்டு, விடிந்ததும் இந்த ஊர் நேரத்துக்கு இட்லி சாப்பிடுவது தூக்கத்துக்கும் உதவும்.

அடுத்தது வெயில். மே மாதத்தில் வந்து இறங்கியவர் ஒரே வாரத்தில் துவண்டுபோவதற்குக் காரணம் இருக்கிறது. சூடான இடத்தில் தினமும் உழைக்கிற உடம்பில் சில மாற்றங்கள் நடக்கும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகும். இதயம் குறைந்த துடிப்பிலேயே வேலையை முடிக்கும். வேர்வை முன்னைவிடச் சீக்கிரம் தொடங்கி அதிகமாகச் சுரக்கும். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேர்வைக் குழாய்களில் உப்பைத் திரும்ப உறிஞ்ச வைப்பதால், வேர்வையில் போகும் உப்பும் குறைந்துவிடும். இவை அமைய ஒன்றிரண்டு வாரம் போதும், ஆனால் குளிர்ந்த இடத்துக்குப் போனால் சில வாரங்களிலேயே எல்லாம் கரைந்துவிடும். டொராண்டோவில் பத்து வருஷம் இருந்தவருக்குச் சென்னையில் கழித்த இளமைக்காலம் இந்த விஷயத்தில் ஒரு சேமிப்பும் வைத்திருக்காது.

சென்னைக்கென்று கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டினால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வேர்வை சொட்டத்தான் செய்யும், உப்பும் தண்ணீரும் வீணாகும். வளைகுடாவில் இருந்தவருக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்கிறோம். கட்டுமான வேலையில் இருந்தவருக்கு அது உண்மை. ஏசி அறை, ஏசி கார், ஏசி ஆபீஸ் என்று இருந்தவரின் உடம்பு வெயிலையே சந்தித்திருக்காது. இருவரும் ஒரே விமானத்தில்கூட வந்திருப்பார்கள். வந்த கையோடு ஏசிக்குள் முடங்கிவிட்டால் உடம்பு மாறவே மாறாது. தினமும் காலையிலோ மாலையிலோ கொஞ்ச நேரம் வெளியே நடந்து, உப்புப் போட்ட மோர் குடித்து, நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் மாறும்.

வயிற்றின் கணக்கு நீளமானது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த ஹ்மாங், காரென் மக்களின் குடல் நுண்ணுயிரிகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. குடியேறிய சில மாதங்களிலேயே, நார்ச்சத்துள்ள உணவோடு வாழும் பிரிவோடெல்லா வகை குறைந்து, மேற்கத்திய உணவோடு சேர்ந்த பாக்டீராய்டிஸ் வகை பெருகத் தொடங்கியிருந்தது. தங்கிய காலம் கூடக்கூட அந்த மாற்றமும் கூடியது. அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் நுண்ணுயிரி வகைகள் இன்னும் குறைவு. நம் ஊர்க்காரரின் குடலும் இதே விதிக்கு உட்பட்டதுதான்.

நான் மிகவும் கவலைப்படுவது நோய் எதிர்ப்பைப் பற்றித்தான். "அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த உடம்பு, ஒண்ணும் ஆகாது" என்று நம்பித்தான் பலர் வந்து இறங்குகிறார்கள். சின்னச் சின்ன அளவில் கிருமி அடிக்கடி உள்ளே போய்க்கொண்டிருந்ததால் நிலைத்த எதிர்ப்பு அது. பல வருஷம் கிருமியைச் சந்திக்காவிட்டால் தேய்ந்துபோகும். அமெரிக்காவில் பதிவாகும் டைபாய்டு நோயாளிகளில் பெரும்பகுதியினர் தெற்காசியாவில் உறவினர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். ஓட்டலில் தங்கும் சுற்றுலாப் பயணி பாட்டில் தண்ணீர் கேட்பார். நம்மவர் சித்தி வீட்டில் சொம்பில் கொடுத்ததை மறுப்பாரா? டைபாய்டு தடுப்பூசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொண்டு, வந்தபின் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மூளைக்கு வருவோம். அமெரிக்காவில் ஓட்டிப் பழகியவர் இங்கே மாருதி காரில் ஏறி, தெருமுனையில் திரும்புவதற்காக இடக்கையால் கம்பியைத் தட்டுகிறார். சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பர் ஓடுகிறது. அங்கே இண்டிகேட்டர் கம்பி ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், இந்தக் காரில் வலப்பக்கம். அவர் யோசித்துச் செய்த செயல் அல்ல அது. ஆயிரக்கணக்கான முறை செய்த வேலைகளை மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா பகுதி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது, யோசனைக்கு அங்கே இடமே இல்லை. காரில் வைப்பரோடு தப்பிக்கலாம், சாலையைக் கடக்கும்போது அப்படி முடியாது. அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும், இங்கே வலப்பக்கம். முதல் சில வாரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே காலை எடுத்து வையுங்கள்.

ஹாரனும் அப்படித்தான். அங்கே ஹாரன் எப்போதாவது ஒலிக்கும், ஒலித்தால் ஆபத்து அல்லது கோபம் என்று பொருள். இங்கே "நான் பின்னால் வருகிறேன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வந்தவரின் மூளை ஒவ்வொரு ஹாரனையும் அபாயமாகவே படிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பல நூறு ஹாரன்களுக்குப் பிறகும் ஒன்றும் நேரவில்லை என்று தெரிந்தால்தான் அது அடங்கும். இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை கற்று மறந்ததை இரண்டாவது முறை கற்கக் குறைந்த நேரமே போதும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டினார். பழைய தடம் முழுசாக அழிவதில்லை.

மனசுக்குத்தான் காலம் அதிகம். வியன்னாவில் பிறந்து 1939-ல் அமெரிக்காவில் அடைக்கலமான சமூகவியலாளர் ஆல்ஃபிரெட் ஷூட்ஸ், போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களை மனத்தில் வைத்து 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். புது ஊருக்குப் போகிறவன் எல்லாம் புதிதாக இருக்கும் என்று தயாராகப் போகிறான். வீடு திரும்புகிறவனோ, தனக்குத் தெரிந்த இடத்துக்கே வருவதாக நம்புகிறான் என்று அதில் காட்டினார். மூளை எதையும் முன்கூட்டியே ஊகித்து, ஊகம் பிசகும்போதுதான் விழித்துக்கொள்கிறது. வெளிநாட்டில் பிசகினால், "புது ஊர், அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சொந்த வீட்டில் பிசகினால் அது வலிக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963-ல், மனநிலையில் போகும்போது ஒரு சரிவு, திரும்பி வரும்போது இன்னொரு சரிவு என்று இதைக் கோடாக வரைந்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கோடு அப்படியே பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் இரண்டாவது சரிவு என ஒன்று இருக்கிறது என்று சொன்னதே பெரிய உபகாரம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, வீடும் கற்றிருக்கிறது என்பது. பன்னிரண்டு வருஷம் குவைத்தில் இருந்தவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். ரேஷன், பேங்க், ஸ்கூல் ஃபீஸ், வரப்புத் தகராறு எல்லாவற்றையும் மனைவி தனியாகப் பார்த்துப் பழகிவிட்டார். பிள்ளை எதற்கும் அம்மாவிடம்தான் கேட்கும். அப்பா வந்து "ஏன் இந்தக் கடையில பால் வாங்குறீங்க?" என்று கேட்கிறார். கேட்டவருக்கு அது அக்கறை. அதைக் காதில் வாங்கும் மனைவிக்கு, தான் பன்னிரண்டு வருஷம் நடத்திய குடும்பத்தின் மேல் குறை. யார்மேலும் தப்பில்லை. இரண்டு பக்கமும் ஒருவர் இல்லாமல் ஒருவர் வாழ நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வந்த முதல் சில மாதம் எதையும் மாற்றச் சொல்லாமல், வீட்டின் ஒரே ஒரு பொறுப்பை, கரண்ட் பில்லோ பிள்ளையை ஸ்கூலில் விடுவதோ, முழுதாக எடுத்துக்கொள்கிறவர்கள் எளிதாக ஒட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளின் நிலைமை முற்றிலும் வேறு. அங்கேயே பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைக்கு எபிங்ஹாஸ் சொன்ன பழைய தடம் இல்லவே இல்லை, எல்லாமே முதல்முறை. உடம்பில்கூட வித்தியாசம் இருக்கலாம்: வேர்வைச் சுரப்பிகளில் எத்தனை வேலை செய்யத் தொடங்கும் என்பது பிறந்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில், வளரும் இடத்தின் தட்பவெப்பத்தைப் பொறுத்து அமைகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ கண்டார். அதனால் "அப்பா எப்படிச் சமாளிக்கிறேன் பாரு" என்று பிள்ளையிடம் சொல்வது பொருந்தாது. இங்கே பள்ளி ஜூனில் திறக்கிறது என்று மே கடைசியில் வந்து இறங்கினால் தூக்கம், வெயில், வயிறு, புது வகுப்பு நான்கும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் தலையில் விழும். வேலையும் வீசாவும் இடம்கொடுத்தால் ஜனவரி, பிப்ரவரியிலேயே வந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் உடம்பு பழகிவிடும், தெருவில் விளையாட நாலு பேர் கிடைத்திருப்பார்கள், வகுப்பில் உட்காரும்போது தமிழ் கொஞ்சம் காதுக்குப் பழகியிருக்கும்.